குளிரின் குற்றமில்லை

கிள்ளான்
9 பிப்ரவரி 1992

குளிரால் இல்லை, வெரோ. நீ தவறான ஆளைச் சந்தேகிக்கிறாய்.

லீட்ஸில் வீட்டுக் கூரைகளில் வைத்த சோலார் பேனல்கள் டிசம்பரில், கோடையில் தருவதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தரவில்லை என்று எழுதியிருந்தாய். பள்ளி ஆய்வுக்கூடத்தில் தூசி படிந்து கிடந்த ஒரு பேனலை என் வீட்டுக் கூரையில் வைத்து நானும் தினமும் அளக்கிறேன். மதியம் அது கையைச் சுடும். நேற்று ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். மீட்டர் முள் ஏறியது. அதே வெயில். பேனல் மட்டும் ஆறியிருந்தது.

குளிர் அதற்கு நல்லது. உங்களைக் கெடுப்பது குட்டைப் பகலும் தாழ்ந்த சூரியனும். பேனலை இன்னும் நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். பனியும் வழுக்கி விழும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். "அங்க வெயிலே இல்லையாமே, பின்ன எதுக்கு லா, வெயில் படிப்பு?" என்கிறார் சாந்தமேரி ஆன்டி. பதில் நீயே எழுது.

குணேஸ்வரி


லீட்ஸ்
8 மார்ச் 1992

என் குணா,

நிமிர்த்தினோம். உறைபனி பிடித்த தெளிந்த காலை. பக்கத்துப் பேனலைவிடக் கால் பங்கு அதிகம். பேராசிரியர் மீட்டரைப் பார்த்தார், பிறகு என்னை. "எப்படித் தோன்றியது?" என்று கேட்டார். எனக்கு வாயே வரவில்லை.

உன் அளவுகள் முழுவதையும் அனுப்பு. எண்களைக் காட்டினால்தான் இங்கே நம்புவார்கள். தனியாகச் சாப்பிடும்போது உன்னை நினைக்கிறேன்.

உன் வெரோ


கிள்ளான்
20 ஏப்ரல் 1992

அன்புள்ள வெரோ,

தொண்ணூறு நாள் அளவுகளின் நகல் இத்துடன். எங்கள் பள்ளி விஜயன் சார் கேட்கிறார்: "டீச்சர், கூரையில துணி காயப்போடுறீங்களா, கரண்டு காயப்போடுறீங்களா?"

ஒரு செய்தி. முதுகலை உபகாரச் சம்பளத்துக்கு இதையே ஆய்வாக எழுதி விண்ணப்பிக்கப் போகிறேன். ஆறு வருடமாகக் கரும்பலகை. போதும்.

குணா


லீட்ஸ்
11 மே 1992

என் குணா,

இந்த வருடம் வேண்டாம். அளவுகள் இன்னும் கொஞ்சம் சேரட்டும். அடுத்த முறை நானே உன் விண்ணப்பத்தைப் பார்த்துத் தருகிறேன். அவசரப்பட்டு வீணாக்காதே. நான் சொன்னால் கேட்பாய்தானே?

வெரோ


கிள்ளான்
16 ஜனவரி 1993

வெரோனிகா,

கேட்டேன். காத்திருந்தேன். நேற்று ஷா ஆலமில் உபகாரச் சம்பள நேர்முகம்.

மேசையில் ஓர் ஆங்கில இதழ். உன் கட்டுரை. உன் பெயர், பேராசிரியர் பெயர். அங்கிருந்தவர்களில் ஒருவர் தமிழர். கடைசியில் அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்: "மிஸ், இதப் பாத்துதான எழுதினீங்க? சொல்லிடுங்க லா, பரவால்ல."

புரட்டினேன். மூன்றாம் அட்டவணை என் கூரை. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன மார்ச் மூன்றாம் தேதி நான் அளக்கவில்லை. உன் அட்டவணையிலும் மார்ச் மூன்று காலி.

எனக்கு உபகாரச் சம்பளம் இல்லை. திருடியவள் என்று முகத்துக்கு நேரே சொல்லாமல் அனுப்பினார்கள்.

நீ மே மாதம் எழுதியபோது கட்டுரை எங்கே இருந்தது?

குணேஸ்வரி


லீட்ஸ்
2 பிப்ரவரி 1993

குணா,

இதழின் ஆசிரியர் மேசையில் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அன்று பேராசிரியர் கேட்டபோது வாய் வரவில்லை. மறுநாள் வந்திருக்கலாம். அதற்குள் எல்லோரும் அது என்னுடையது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். "கிள்ளானில் ஒரு தோழிக்கு நன்றி" என்று எழுதினேன். பேராசிரியர் அந்த வரியை அடித்துவிட்டார். நான் திரும்ப எழுதவில்லை.

நீ பள்ளிக்கூடத்தை விட்டுப் போகமாட்டாய் என்று நினைத்துவிட்டேன். உனக்கு இது தேவைப்படாது என்று நினைத்தேன்.

மன்னிப்பாயா?

வெரோ


கிள்ளான்
15 பிப்ரவரி 1993

வெரோனிகா,

நீ எழுதியிருக்க வேண்டியது நன்றி அல்ல, என் பெயர்.

மீட்டரைப் பற்றி எழுதியபோதெல்லாம் நாம் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டேன். எனக்குத் தேவைப்படாது என்று எழுதினாயே, அதைப் பலமுறை வாசித்தேன். மற்றவற்றை ஒருவேளை மன்னித்திருப்பேன்.

ஆன்டியிடம் எதுவும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் நீ.

இன்று காலை என் குறிப்பேட்டையும் உன் கடிதங்களையும் நகலெடுத்து, அந்த இதழின் ஆசிரியருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

குணேஸ்வரி