சடன் என்று எழுதியிருந்த கடதாசி

மச்சான், உன் மேசை லாச்சியை நேற்றுத்தான் திறந்தேன். நான்கு மாதமாகத் திறக்க மனம் வரவில்லை. உன் மனைவி உனக்காக அறைக்குள் துக்கம் காத்த இத்தா முடிந்து, உன் பொருட்களை எடுத்துப்போக நம் மொழிபெயர்ப்புக் கந்தோருக்கு வந்திருந்தார். கண்ணாடிக் கூடு, சீல், இரண்டு பேனை, அடியில் அந்த நீலமட்டைக் கொப்பி. கொப்பியை மட்டும் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். கேட்டால் கொடுத்திருப்பேன். அவர் கேட்கவில்லை.

மொழிபெயர்க்கையில் உன்னை மல்லுக்கட்ட வைத்த ஆங்கிலச் சொற்களை அதில் எழுதி வைப்பாய். ஒரு பக்கம் முழுக்கக் கண்மூடித் திறப்பதற்குள் நடப்பவற்றுக்கான சொற்கள். சடன்லி, அப்ரப்ட்லி, இன்ஸ்டன்ட்லி, அட் வன்ஸ். அட் வன்ஸ் என்பதற்கு எதிரே, “கடிதத்தில் மட்டும். கல்முனையில் இன்னும் நடந்ததில்லை” என்று எழுதியிருக்கிறாய். சிரிப்பு வந்தது. பிறகு சடன் என்ற சொல்லுக்கு நேரே நீ எழுதியிருந்ததை வாசித்தேன்: “இது கேள்விப்படுகிறவருக்கு. போகிறவருக்கு அல்ல.”

உனக்கும் எனக்கும் நடந்த ஒரே பெரிய சண்டை இதில்தான். சாய்ந்தமருதிலிருந்து ஒரு உம்மா வந்தார், ஞாபகம் இருக்குமே. வெளிநாட்டில் வேலைத்தளத்தில் மகன் விழுந்து மவுத்தாகி, அங்கிருந்து வந்த வைத்திய அறிக்கையைத் தமிழாக்கக் கொண்டுவந்திருந்தார். விழுந்த பின் இரண்டு மணித்தியாலம் நினைவோடு இருந்தான் என்று அதில் இருந்தது. நீ தமிழிலும் அப்படியே எழுதிச் சீல் அடித்து, உறையில் போட்டு ஒட்டினாய். அந்த உம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. புள்ள வேதனைப்பட்டுத்தான் போனானா என்று கேட்டார். நீ நிமிர்ந்து பார்த்து, “இல்ல உம்மா, விழுந்த செக்கனிலேயே போயித்தாரு” என்றாய்.

அவர் படியிறங்கும் வரை பொறுத்திருந்துவிட்டு உன்மேல் பாய்ந்தேன். சத்தியம் செய்து சீல் வாங்கிய ஆட்கள் நாம், இப்படி வாயில் வந்ததைச் சொல்லலாமா என்று கத்தினேன். நீ பேனையை மூடினாய். “பேப்பர்ல சரியாத்தான் எழுதியிருக்கன். வாயால சொன்னதுக்கு ரப்புக்கிட்ட நான் பதில் சொல்லிக்குவன், நீ சும்மா இரி.” ஒரு கிழமை உன்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவ்வளவு நேர்மைக்காரன் நான்.

நீ மவுத்தான அந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே உடம்பு ஒருமாதிரிக் கிடக்கிறது என்றாய். ஜும்ஆவுக்கு வரவில்லை, இங்கேயே லுஹரைத் தொழுதுகொள்கிறேன் என்றாய். முடித்த உடனே வாறன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். வெள்ளிக்கிழமை அந்த நேரம் நம் கடைத்தெரு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். எல்லாக் கதவும் பூட்டு, ஆள் நடமாட்டமே இல்லை. பள்ளிவாசலுக்குள் நுழையும்போது எல்லோரையும் போல நானும் கைபேசியின் சத்தத்தை அமர்த்தினேன். தொழுதுவிட்டு வெளியே வந்தபின் அதைத் திரும்பப் போட மறந்தேன்.

பள்ளிவாசல் கேற்றடியில் நின்று கதைத்தேன். என்ன கதைத்தேன் என்று எத்தனை தரம் யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. வயல் கதையாக இருக்கலாம், தண்ணீர் திறந்த கதையாக இருக்கலாம். மேலே ஏறி வந்தபோது நீ மேசையில் தலைவைத்திருந்தாய். தொலைபேசியின் ரிசீவர் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் உன்னை இறக்கிய பிறகுதான் என் கைபேசியைப் பார்த்தேன். கந்தோர் இலக்கத்திலிருந்து ஆறு அழைப்புகள். முதலாவதுக்கும் கடைசிக்கும் இடையில் நாற்பது நிமிடம். முதல் இரண்டும் வந்தபோது நான் குத்பாப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசி இரண்டும் வந்தபோது கேற்றடியில் நின்றிருந்தேன், கைபேசி சட்டைப்பையில் கிடந்தது.

நேற்று உன் மனைவி பொருட்களைப் பையில் போட்டுவிட்டு உடனே எழும்பவில்லை. கைப்பையிலிருந்து உன் மவுத்துக்கு டொக்டர் கொடுத்த கடதாசியை எடுத்து என் முன்னால் விரித்தார். மகனிடம் வாசிக்கக் கொடுக்க மனம் வரவில்லையாம்.

“காக்கா, இதுல சடன் எண்டு போட்டிருக்கு. அப்ப உடனதானே?” என்றார்.

கடதாசியை என் பக்கம் இழுத்தேன். அவரே சொன்னார். அன்று குத்பா முடிகிற நேரம் நீ வீட்டுக்குக் கோல் எடுத்திருக்கிறாய். அவர் மீன் பொரித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

“ஒரு மினிட், ஒரு மினிட் எண்டு சொல்லி வெச்சிட்டன் காக்கா. அவரு ஒண்டும் சொல்லல்ல. பொறகு எடுத்தா லைன் கிடைக்கல்ல. அந்தக் கோலோடயே போயித்தாரா? இல்லாட்டி நான் எடுப்பன் எண்டு பாத்துக்கிட்டு இருந்தாரா?”

நான்கு மாதமும் பத்து நாளும் ஒரு அறைக்குள் இந்தக் கேள்வியோடு அவர் இருந்திருக்கிறார். அவர் சொன்ன நேரத்துக்குப் பிறகும் எனக்கு நான்கு அழைப்புகள் வந்திருக்கின்றன, மச்சான். அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

“அந்தச் செக்கனிலேயே, மச்சி. நீங்க ஃபோன வைக்க முன்னமே” என்றேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கடதாசியை நாலாக மடித்து வைத்துக்கொண்டு, ஒரு பிளேன்டீ குடிக்கிறேன் என்றார். வந்ததிலிருந்து தண்ணீர்கூட வேண்டாம் என்றவர்.

இதை உனக்கு எழுதுவது நல்ல பெயர் எடுக்க அல்ல. நீ சொன்ன பொய் முழுக்க அந்த உம்மாவுக்காக. நான் சொன்னதில் பாதி எனக்காக. அந்த நாற்பது நிமிடத்தை வெளியே எடுத்தால், கேற்றடியில் நின்ற என்னையும் எடுத்து வைக்க வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. களைத்துப் போனேன் மச்சான். அன்று நான் கத்தியதற்கு என்னை மன்னித்துவிடு. மற்றதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உன் கதிரை அப்படியே கிடக்கிறது. தொலைபேசியை என் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறேன். முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். பேனை கையில் இருக்கும், முன்னால் ஆள் இருக்கும், எதிர்முனையில் இருப்பது பெரும்பாலும் இலக்கம் மாறி எடுத்த யாரோ. ஆனாலும் ஒரு மினிட் என்று யாருக்கும் சொல்ல முடிவதில்லை. அவர்கள் வைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.