வழிமொழிய ஓர் ஆள்

குளுவாங்
6 பிப்ரவரி

அன்புள்ள பிரேமளாவுக்கு,

நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முழங்கால் வலியையும் நானே வைத்து நானே தின்னும் சாம்பாரையும் தவிர்த்தால் நலம்தான். உன் அக்கா தவமணிதேவியைக் கேட்டதாகச் சொல். போனில் பேசினால் நான் விசாரணை நடத்துகிறேன் என்று சொல்லி, கடிதம் மட்டும் போடுங்கள் என்றாய். சொன்னபடி எழுதுகிறேன்.

செய்தி இதுதான். வருகிற சட்டமன்றத் தேர்தலில் நம் தொகுதியில் சுயேச்சையாக நிற்கப்போகிறேன். சிரிக்காதே. முப்பத்தைந்து வருடம் போலீஸில் இருந்து இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் நான். ஒருவரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. இந்த ஊரில் வேறு யாருக்கு இப்படிச் சொல்லிக்கொள்ள வாய் இருக்கிறது?

வீடு வீடாகப் போக ஆரம்பித்துவிட்டேன். அதில் ஒரு தொல்லை. நான் கதவைத் தட்டினால் உள்ளே டிவி சத்தம் நின்றுவிடுகிறது. ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வீட்டின் முன்வாசலில் நான் தட்ட, பின்வாசல் வழியாக ஒருவன் செம்பனை மரங்களுக்குள் ஓடியே போய்விட்டான். "என்ன கேஸு துவான்? நாங்க ஒன்னும் செய்யலலா" என்று, நான் இன்னும் அதிகாரி என்ற நினைப்பில் துவான் போட்டு, அவன் மனைவி அழுகிறாள். ஓட்டுக் கேட்க வந்தேன் என்றால் நம்பவில்லை. நானும் பழக்க தோஷத்தில், "வீட்டில் மொத்தம் எத்தனை பேர்? ஓடினது யார்?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டேன்.

கோப்பிக்கடை காளியப்பன் என்னை முன்மொழிகிறார். "நீங்க நின்னா கடைக்கு நாலு பேரு கூட வருவாங்க துவான்" என்பது அவருடைய நியாயம். அடுத்து, வழிமொழிய ஓர் ஆள் வேண்டும். இருவருமே இந்தத் தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு நீ வா. வேட்புமனு நாள் இருபத்தாறாம் தேதி. காலை ஒன்பது மணிக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும், பத்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். முதல் நாளே மூவாரில் பஸ் ஏறிவிடு. அடையாள அட்டையை மறக்காதே.

உன் அலமாரி வைத்தது வைத்தபடி இருக்கிறது.

இப்படிக்கு,
உன் கணவன்
குகநாதன்


மூவார்
10 பிப்ரவரி

தர்மினி அப்பாவுக்கு,

பிரேமளா எழுதுவது. இங்கே நானும் அக்காவும் சுகம். செம்பனைக்குள் ஓடினவன் கதையைப் படித்து அக்கா சிரித்த சிரிப்பில் மேசையெல்லாம் கோப்பி. பாவம், அவன் வீடு திரும்பினானோ என்னவோ.

ஆனால் நீங்கள் எழுதினது கடிதமா, சம்மனா? ஒன்பது மணிக்கு இருக்க வேண்டும், முதல் நாளே பஸ் ஏற வேண்டும், அட்டையைக் கொண்டுவர வேண்டும். வர முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்டால் உங்கள் நட்சத்திரம் உதிர்ந்துவிடுமா? இரண்டு வருடம் கழித்து ஒரு மனுஷியைக் கூப்பிடுகிற விதம் இதுதானா?

என் பாடு நன்றாக இருக்கிறது. ஒரு நாற்காலிக் கடைக்கு மெத்தை உறை தைத்துக் கொடுக்கிறேன். சாயங்காலமானால் பக்கத்து வீட்டு மலரும் இன்னும் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் ஓடும். ஒரு நாள் நான் கதவைத் திறக்கச் சுணங்கினால், "என்னக்கா, ஒடம்பு சரியில்லையா, பசியாறியாச்சா?" என்று ஜன்னலில் வந்து நிற்கிறார்கள். அறுபதை நெருங்கும் வயதில் எனக்குச் சிநேகிதிகள் கிடைத்திருக்கிறார்கள். வெட்கமாகக்கூட இருக்கிறது.

குளுவாங்கில் அது முடிந்ததா? கல்யாணத்துக்குப் போகக்கூடாது. பண்டிகைக்கு ஊரையே வீட்டுக்கு அழைக்கும் திறந்த இல்ல உபசரிப்புக்குப் போகக்கூடாது. தீபாவளிக்கு யாராவது பலகாரத் தட்டு கொடுத்தனுப்பினால், "இன்றைக்கு அவன் வீட்டு முறுக்கைத் தின்றுவிட்டு நாளைக்கு அவனை எப்படிப் பிடிப்பது" என்று சொல்லிவிட்டு நீங்கள் யூனிபார்மை மாட்டிக்கொண்டு போய்விடுவீர்கள். மூடினது மூடினபடி அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்தது நான். பக்கத்து வீட்டு புஷ்பவள்ளியின் முகம் அன்று போன போக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் வேலியோரம் வந்து என்னோடு பேசவே இல்லை.

வழிமொழிய நான் எதற்கு? ஊரைக் காத்தவருக்கு ஊரில் ஆளா இல்லை? புஷ்பவள்ளியையே கேட்டுப் பாருங்கள்.

போன வாரம் சிங்கப்பூரிலிருந்து தர்மினி வந்துவிட்டுப் போனாள். உங்கள் தேர்தல் சங்கதி அவளுக்குத் தெரியவில்லை. பெற்ற மகளுக்காவது போன் போடுங்கள். மருந்தை வேளைக்குச் சாப்பிடுங்கள், சாம்பாருக்குப் புளியைக் குறையுங்கள்.

பிரேமளா


குளுவாங்
15 பிப்ரவரி

அன்புள்ள பிரேமாவுக்கு,

சம்மன் என்று நீ எழுதினது சரி. மறுபடி படித்துப் பார்த்தேன், கீழே முத்திரை ஒன்றுதான் பாக்கி.

நேற்று புஷ்பவள்ளி வீட்டுக்குப் போனேன். தட்டக்கூட இல்லை, செருப்பைக் கழற்றிவிட்டு "அம்மா" என்று கூப்பிட்டேன். வந்தாள். இரும்புக் கதவைத் திறக்கவில்லை. உள்ளே யாரோ பேசிச் சிரிக்கும் சத்தம், மீன் பொரிக்கும் வாசம். விஷயத்தைச் சொன்னதும், "அலமாக்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுப் பலகாரமே உங்களுக்கு ஆகல. எங்க கையெழுத்து மட்டும் ஆகுமா துவான்?"

செருப்பை மாட்டத் திரும்பினேன். அவளுக்கே கொஞ்சம் மனம் இளகினது போல இருந்தது. "அன்னைக்கு பிரேமாக்கா தட்ட கையில வச்சிக்கிட்டு கண்ணு கலங்கி நின்னுச்சு. அதுக்காக வேணா ஓட்டுப் போடுறேன். கையெழுத்தெல்லாம் கேக்காதீங்க. மழ வரப்போவுது, போயிட்டு வாங்க" என்றாள்.

நான் செய்தது தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. அவள் தம்பியின் லாரி கேஸ் அடுத்த வருடமே என் மேசைக்கு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பலகாரத்தைத் தின்றிருந்தால் என்னால் நேராக எழுதியிருக்க முடியாது. இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆனால் பிரேமா, இப்போது நான் போலீஸ் இல்லையே. இப்போது தட்டு கொடுத்தனுப்பலாமே. போன தீபாவளிக்கு வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுக்கு எத்தனை கார், எத்தனை ஜனம். என் வாசலில் ஒருவர்கூட நிற்கவில்லை. அப்புறம் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன். சட்டமன்ற நாற்காலியா எனக்குக் குறைச்சல்? வேட்பாளன் என்றால் வாசலில் நிறுத்தியாவது ஜனங்கள் நாலு வார்த்தை பேசுவார்கள் என்று நினைத்தேன். இந்த வீட்டில் என் குரலே எனக்குப் புதுசாகக் கேட்கிறது. செய்தி வாசிக்கிறவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தாங்க முடியவில்லை, பிரேமா.

இது சம்மன் இல்லை. இருபத்தாறாம் தேதி உன்னால் வர முடியுமா?

குகநாதன்


மூவார்
20 பிப்ரவரி

தர்மினி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவிடம் காட்டவில்லை. குளியலறைக்குள் வைத்துப் படித்தேன். முப்பது வருடத்துக்கு முன்னால் இப்படி ஒரு கடிதம் எழுதியிருக்கக்கூடாதா நீங்கள்?

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை. புஷ்பவள்ளி கையெழுத்துப் போட்டுவிட்டால் சொல்லாமலே தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன். அவள் போடவில்லை. இனி மறைக்க வழியில்லை.

என்னால் உங்களை வழிமொழிய முடியாது. சட்டப்படியே முடியாது. உங்கள் தொகுதியில் எனக்கு ஓட்டு இல்லை.

நான் ஒரு நாளும் ஊரோடு சேர்ந்து ஓட்டுப் போட்டதில்லை, கவனித்திருக்கிறீர்களா? போலீஸ்காரர்களும் அவர்கள் மனைவிமாரும் முன்கூட்டியே ஸ்டேஷனில் போட்டுவிட வேண்டும். தேர்தலன்று நீங்கள் பள்ளிக்கூட வாசலில் காவலுக்குப் போய்விடுவீர்கள். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பேன். புஷ்பவள்ளியும் மற்றவர்களும் நல்ல உடுப்பு உடுத்தி, குடை பிடித்து, பேசிக்கொண்டே போவார்கள். ஒரு தடவையாவது அந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? சொன்னால் சிரிப்பீர்கள் என்று சொன்னதில்லை.

நீங்கள் ஓய்வு பெற்றதும் அந்தப் போலீஸ் ஓட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். போன வருடம் போனேன். முதலில் அடையாள அட்டைக்கு விலாசம் கேட்டார்கள். குளுவாங் வீட்டு நம்பரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அக்கா வீட்டு நம்பர் வந்துவிட்டது. திருத்தவும் தோன்றவில்லை. பிறகு ஓட்டையும் இங்கேயே மாற்றிக்கொண்டேன். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் மனசு லேசாகத்தான் இருந்தது. அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

உங்கள் மேல் கோபம் இல்லை. நீங்கள் நல்லவர், அதை எந்தச் சபையிலும் சொல்வேன். ஆனால் அந்த வீட்டில் நீங்கள் இப்போது இருப்பதுபோலத்தான் நான் இருந்தேன். திரும்பி வர என்னால் முடியாது.

நல்ல ஆளாகப் பார்த்துக் கையெழுத்து வாங்குங்கள். நீங்கள் ஜெயிக்க வேண்டும் என்று முருகனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

பிரேமளா


குளுவாங்
27 பிப்ரவரி

அன்புள்ள பிரேமளாவுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. நான் நிற்கவில்லை.

ஆள் கிடைக்காமல் விட்டுவிட்டேன் என்று நீ எண்ணக்கூடாது. காளியப்பன் ஓடித் திரிந்து மார்க்கெட்டில் மீன் விற்கும் வசந்தனைச் சம்மதிக்க வைத்திருந்தார். நான் வேண்டாம் என்றேன். "பின்ன எதுக்கு துவான் என்னைய இழுத்து விட்டீங்க? புதுச்சட்டயெல்லாம் வாங்கியாச்சிலா" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். அவர் கோபம் நியாயம்தான். அவரிடம் காரணம் சொல்ல முடியவில்லை, உன்னிடம் சொல்லலாம். நீ என்னோடு மண்டபத்துக்குள் நடந்து வருவாய், மனுவைக் கொடுத்தபின் அப்படியே வீட்டுக்கு அழைத்துவந்துவிடலாம் என்று நான் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். வசந்தனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

நேற்று காலை மண்டபத்துக்குப் போனேன். கட்சிக்காரர்களோடு தடுப்புக்கு வெளியே நின்றேன். காவலில் இருந்த சார்ஜன்ட் என்னைக் கண்டதும் சல்யூட் அடித்து, "துவான், உள்ளே போங்க, நேரமாகுது" என்று மலாயில் சொன்னார். சும்மா பார்க்க வந்தேன் என்றேன். பத்து மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். ஒலிபெருக்கியில் வேட்பாளர் பெயர்களைப் படித்தார்கள், கடைசிவரை கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன்.

தர்மினிக்குப் போன் போட்டேன். "என்னப்பா, ஏதும் பிரச்சினையா?" என்றாள். ஒன்றுமில்லை, சும்மா என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்தேன். அடுத்த ஞாயிறும் போடுவேன்.

தேர்தலன்று மலரோடும் மற்றவர்களோடும் போ. காலையிலேயே போனால் வெயிலுக்கு முன்னே வந்துவிடலாம். நல்ல உடுப்பாக உடுத்திக்கொள். யாருக்குப் போட்டாய் என்று விசாரிக்கமாட்டேன்.

இதுவரை உறையின்மேல் உன் அக்காவின் பெயரைப் பெரிதாக எழுதி, அவர் வீட்டில் தங்கியிருக்கும் பிரேமளாவுக்கு என்று உன் பெயரைக் கீழே எழுதிவந்தேன். விருந்தாளியாகப் போய்த் தங்கியிருப்பவர்களுக்கு அப்படித்தானே எழுதுவோம். இன்று உன் பெயரை மட்டும் எழுதி அதற்கு நேர் கீழே மூவார் விலாசத்தை எழுதியிருக்கிறேன். இரண்டு உறை வீணாகிவிட்டது, மூன்றாவதில்தான் கை ஒழுங்காக வந்தது.

சேர்ந்ததா என்று ஒரு வரி எழுது.

குகநாதன்