நல்லாய் நடந்து காட்டிய நாள்

ஒக்டோபர் 20, திங்கள்

மழை. நல்ல குளிர். என் எழுத்து மேலும் கீழுமாய்ப் போகிறது. கோடு போட்ட கொப்பிதான், கோட்டில் நிற்கமாட்டேன் என்கிறது. யாரும் பார்க்கப்போவதில்லை. இருந்தாலும் முதலில் ஒரு மன்னிப்பு. எழுபது தாண்டி எழுதப் பழகிய கை இது. நூலகத்து வகுப்பு ரீச்சர் கிழமைக்கு ஒரு பக்கமாவது எழுதச் சொன்னார்.

இன்று ஒரு பெரிய சொல் எழுதினேன். சத்திரசிகிச்சை. ஒரு பிழையும் இல்லை. தேத்தண்ணி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

நாளைக்கு எலும்பு டொக்டர். வலது முழங்கால். குடும்ப டொக்டர் அனுப்பிவைத்து, போன பனிக்காலத்திலிருந்து காத்திருப்பு. மகன் சுதன் லீவு எடுத்திருக்கிறான். கொண்டுபோக: ஹெல்த் கார்ட், குளிசைப் போத்தல், அரைக்காற்சட்டை, கைத்தடி.

பின்னேரம் மனோன்மணியிடம். நான் கட்டிய மனுசி. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபின் முதியோர் இல்லத்தில். இரவுச் சாப்பாடு நான் கரண்டியால் தீத்தினால்தான் இறங்கும். சுதனுக்குப் பின்னேர வேலை, ஞாயிறு மட்டும்தான் கார். மற்ற நாளில் இரண்டு பஸ், பிறகு நடந்து ஒரு ஏற்றம். இன்று ஏற்றத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று போனேன். காலுக்குள் சரியான உளைவு, பொறுக்க முடியாத நோ. பனி கொட்டினால் எப்படிப் போவது? இந்த முறை முழங்காலை வெட்டிச் சரிக்கட்டிவிடுவார்கள் என்று அவளிடம் சொன்னேன். சிரித்தாள், பாதி வாயால்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

வெயில். முகம் வழித்து, ஸ்திரி போட்ட சேட். நோவுக்குக் குளிசை இரண்டு போட்டேன். பெரிய டொக்டருக்கு முன்னால் நொண்டிக்கொண்டு போவது மரியாதை இல்லை. தடியைக் காரிலேயே விட்டேன்.

நிற்கவைத்து எக்ஸ்ரே. பிறகு நீண்ட காத்திருப்பு. பக்கத்தில் ஒரு சீனத்து அம்மா முனகிக்கொண்டிருந்தார். பாவம் என்று நினைத்தேன்.

டொக்டர் இளம் ஆள். தன்மையானவர். படத்தைக் காட்டினார். எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை தேய்ந்துபோனதாம். மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். கதவுவரை நடக்கச் சொன்னார். நடந்தேன். நெஞ்சை நிமிர்த்தி, கலியாண வீட்டுக்குள் போவதுபோல.

நோ எப்படி என்றார். உளைவு என்றேன். சுதன் அதை இங்கிலிசில் ‘ரயேட்’, களைப்பு, என்று மாற்றிச் சொன்னான். நாலு வயதில் இந்த நாட்டுக்கு வந்த பிள்ளை, தமிழ் அரைகுறை. ரயேட் எனக்குத் தெரிந்த சொல், உணவகத்தில் கோப்பை கழுவிய காலம் முழுக்கக் கேட்டது. களைப்பும் உண்மைதானே என்று விட்டுவிட்டேன்.

இந்தக் கால் நோவால் எதைச் செய்யாமல் விட்டீர்கள் என்று கேட்டார். எனக்கு மனோன்மணியின் முகம் வந்தது.

“ஒண்டையும் விடேல்லை. மனுசியிட்டை ஒவ்வொரு நாளும் போறன் எண்டு சொல்லு.”

சொன்னான். டொக்டர் என் தோளில் தட்டினார்.

இப்போது வெட்டத் தேவையில்லையாம். உடற்பயிற்சி, ஊசி, உடம்பைக் குறைப்பது. நோ கூடினால் திரும்ப வரட்டாம். காரில் சுதனுக்குச் சந்தோசம். “தப்பிட்டியள் அப்பா.” எனக்கு இல்லத்து ஏற்றம் கண்ணுக்குள் நின்றது.

ஒக்டோபர் 23, வியாழன்

வானம் மப்பு. நேற்று எழுதவில்லை. குளிசையின் வேலை இறங்கியபின் கால் பொங்கி வீங்கிவிட்டது. கட்டிலால் இறங்க முடியவில்லை. அவளிடம் போகவில்லை. இன்றும் இல்லை. இல்லத்திலிருந்து போன். சாப்பாட்டுக்கு வாயை இறுக்கிக்கொள்கிறாளாம்.

உடற்பயிற்சித் தாளில் ஒரு மனிதன் சிரித்துக்கொண்டு காலைத் தூக்குகிறான்.

ஒக்டோபர் 27, திங்கள்

நேற்றுச் சுதன் காரில் மனோன்மணியிடம் கூட்டிப்போனான். கொஞ்சம் சாப்பிட்டாள். அவள் முகம் சின்னதாகிவிட்டது.

இன்று சுதனோடு குடும்ப டொக்டரிடம். தமிழ்ப் பிள்ளை. எலும்பு டொக்டர் எழுதியனுப்பியதைத் தமிழில் வாசித்தார். கால் களைக்கிறது. தடியில்லாமல் நன்றாக நடக்கிறார். அன்றாட அலுவல் எதையும் விடவில்லை. வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இது ஆரைப் பற்றி அங்கிள் எழுதியிருக்கு?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் உளைவு என்றுதான் சொன்னேன் என்றேன். உளைவுக்கு ரயேட் என்று சொன்னது யார் என்று கேட்டார். சுதன் நிலத்தைப் பார்த்தான். குளிசை, தடி, சேட் எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன்.

“கலியாணத்துக்குப் பொம்பிளை பாக்கவே போனனியள்? அந்தாளுக்கு உங்கடை எலும்பு படத்திலை தெரியும். நீங்கள் படுற பாடு நீங்கள் சொன்னால்தானே தெரியும்.”

படத்தை மட்டும் பார்த்து வெட்டமாட்டார்களாம். படி ஏற முடியாதது, நித்திரை இல்லாதது, சப்பாத்துப் போட முடியாதது எல்லாம் சொல்லவேண்டுமாம். என்றைக்கும் நடப்பதுபோல நடக்கவேண்டுமாம். உளைவு என்றால் என்ன என்று விளங்கப்படுத்தி எலும்பு டொக்டருக்குத் திரும்ப எழுதுகிறாராம்.

“பனிக்கு முன்னம் கூப்பிடுவினமோ?”

“இல்லை அங்கிள். வெட்டுறதெண்டாலும் அடுத்த கோடைக்குப் பிறகுதான்.”

வீட்டுக்கு வரும்போது முதல் பனி. தண்ணியாய்த்தான் விழுந்தது.

சுதன் வேலைக்குப் போகுமுன் என் கட்டிலருகே வந்து நின்றான். உளைவு என்றால் என்ன, சரியாய்ச் சொல்லுங்கோ என்று கேட்டான். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. உள்ளுக்குள் யாரோ துணி பிழிவதுபோல என்றேன். அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனான்.

சத்திரசிகிச்சை. திரும்ப எழுதிப் பார்த்தேன். இன்றும் பிழை இல்லை.

இப்போது அவளுக்குச் சாப்பாட்டு நேரம். நான் கட்டிலில். இந்தக் கால் நோவால் எதைச் செய்யாமல் விட்டீர்கள் என்று டொக்டர் இனிக் கேட்டால், சொல்ல ஒன்று இருக்கிறது.

கை நோகிறது. மிச்சத்தை அடுத்த கிழமை எழுதுவேன். எழுதக் கால் தேவையில்லை.