பெட்டிப் படத்துக்கு நான் எழுதிய காரணம்

கே.கே. நகர், மதுரை
மாசி, ஞாயிறு காலை

அன்பு மகள் ஸ்ரீவர்ஷினிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சொல்லும்படியான குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே பெர்கனில் ஓயாத மழையிலும் நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க மீனாட்சி பார்த்துக்கொள்ளட்டும். நேற்றுத்தானே போனில் பேசினோம், அதற்குள் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இந்த விஷயத்தைப் போனில் சொல்ல இரண்டு வாரமாக முயன்று பார்த்துவிட்டேன். ஒரு தடவை தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, அங்கே பனி விட்டுவிட்டதா என்று கேட்டேன். இன்னொரு தடவை போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன். காகிதத்தில் என்றால் அப்படி நழுவ முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நீ சித்திரைத் திருவிழாவுக்கு வருவதாகச் சொன்ன நாளிலிருந்து அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டாள், நீ படித்த மேசையைத் துடைத்து ஜன்னலோரம் போட்டிருக்கிறாள், செல்லூரில் கோகுல்நாத் மாமா வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள், முள்ளுமுருங்கைப் பூரி சாப்பிட்டு ஆறு வருஷமாகிறதே என்று இப்போதே மாவு அரைக்கிற கணக்கைப் போடுகிறாள். முழங்கால் வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இதையெல்லாம் பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு உள்ளே குடைகிறது. ஏனென்றால் நீ எதை நம்பி வருகிறாயோ அது என்னுடையது இல்லை. டிசம்பர் கடைசியில் உனக்கு நான் அனுப்பினேனே படங்களின் பட்டியல், அதைப் பற்றித்தான் சொல்கிறேன்.

எனக்கு எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் வரும், பொறுத்துக்கொள். வருஷக் கடைசி நாளில் நாம் மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அந்த வருஷம் பார்த்ததில் பிடித்த ஐந்து படங்களைச் சொல்வது நம் வீட்டு வழக்கம். படத்தின் நிஜப் பெயரைச் சொல்லாமல் நாமாக வைத்த பெயரைத்தான் சொல்வோம். ஏன் பிடித்தது என்று காரணம் சொல்லாத படம் கணக்கில் சேராது. அந்தச் சட்டத்தைப் போட்டவள் நீ, எட்டாம் வகுப்பில். எந்தப் படத்தைக் கேட்டாலும் அப்பா நல்லாயிருந்துச்சு என்று மட்டும் சொல்லித் தப்பித்துவிடுகிறார் என்று எனக்காகவே போட்ட சட்டம் அது. புள்ளியியல் துறையில் முப்பது வருஷம் மற்றவர்கள் கொண்டுவந்த விவரங்களைச் சரிபார்த்தவன் நான், நானாக ஒரு அபிப்பிராயம் சொல்லும் வேலை எனக்கு வந்ததில்லை. நீ அந்த ஊருக்குப் போன பிறகு வழக்கம் நின்றுபோயிற்று. போன வருஷம் பொங்கலுக்கு நீதான் போனில், கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது, இனிமேல் சாக்குச் சொல்லாமல் வாரம் ஒரு படம் தியேட்டரில் போய்ப் பாருங்கள், வருஷக் கடைசியில் எனக்குப் பட்டியல் வேண்டும், காரணத்தோடு வேண்டும் என்று சொன்னாய். எனக்கு அது பெரிய சந்தோஷம். இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் கேட்ட முதல் பொருள் அது.

அம்மா தியேட்டர் குளிர் ஆகாது என்று வரவில்லை, தனியாகத்தான் போக ஆரம்பித்தேன். மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு தியேட்டரில் பேய்ப் படம் ஓடிக்கொண்டிருந்தது. இடைவேளையில் டீக்கு நிற்கும்போது பின்னாலிருந்து ஒருவர், நல்லா இருக்கீங்களா சார் என்றார். திரும்பிப் பார்த்தால் முத்துக்குமரன். உன்னோடு நான்கு வருஷம் வாழ்ந்த பிள்ளை, விவாகரத்துக்கு முன் என்னை மாமா என்று கூப்பிட்டவர், அவர் வாயில் இப்போது சார் வந்தது. நல்லா இருக்கேன் தம்பி என்றேன். படம் விட்டதும் மழை தூறியது, வண்டியில் ஏறுங்க விட்டுட்டுப் போறேன் என்றார். தெருமுனையிலேயே இறக்கிவிடச் சொன்னேன், அம்மா பார்த்துவிடக் கூடாது என்று. நான் மறைக்க ஆரம்பித்தது அந்த முனையில்தான். அடுத்த வாரம் அவரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது, சனிக்கிழமை கப்பலூர்க் கம்பெனியில் ஷிஃப்ட் இல்லை, லாரிப் படம் போறேன், வாரீங்களா மாமா என்று. அந்த மாமாவைப் படித்துவிட்டு நான் வேறு எதையும் யோசிக்கவில்லை, வருகிறேன் என்று அனுப்பிவிட்டேன். பிறகு வருஷம் முழுவதும் அப்படியே ஆகிவிட்டது. உன்னைப் பற்றி அவர் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. படம் விட்டு வரும் வழியில் ஒரு தள்ளுவண்டியில் பருத்திப்பால் குடிப்போம், அவர் படத்தைப் பற்றிப் பேசுவார், நான் கேட்டுக்கொண்டு நிற்பேன். உனக்கு இது துரோகமாகப் படலாம். எனக்கே பல நாள் அப்படித்தான் பட்டது, ஆனாலும் சனிக்கிழமை வந்தால் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது பட்டியலுக்கு வருகிறேன். எந்தக் காரணம் யாருடையது என்பதை நேர்மையாகப் பிரித்து எழுதுகிறேன். பேய்ப் படத்தில் பேயைவிட அபார்ட்மெண்ட் செக்ரட்டரி பயமாக இருந்தார் என்று எழுதினேனே, நீகூடச் சிரிப்புப் பொம்மை அனுப்பினாய், அது சத்தியமாக என்னுடையது. பெண் பிள்ளைகள் விளையாடும் பந்துப் படத்தில், கோச் ஒரு இடத்திலும் கைதட்டவில்லை, கடைசியில் விசிலைக் கழற்றி அந்தச் சின்னப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போகிறார் என்று எழுதியதில், விசிலைக் கவனித்தது அவர், கைதட்டாததைக் கவனித்தது நான். வக்கீல் படத்துக்கு எழுதியது முழுக்கப் பத்திரிகை விமர்சனத்தில் படித்தது, அந்தப் படத்தில் பாதி நேரம் தூங்கிவிட்டேன். லாரிப் படத்தில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும் ஒட்டன்சத்திரத்திலிருந்து வெங்காய லோடு ஏற்றிக்கொண்டு போகிறார்கள் அல்லவா, சண்டை போட்டவர்கள் ஒரே கேபினில் உட்கார்ந்து போவதற்குப் பெயர்தான் குடும்பம் என்று நான் எழுதியது முத்துக்குமரன் சொன்னது. ஐந்தாவதாக, அதாவது பட்டியலில் முதலாவதாக வைத்தது, பெட்டிப் படம்.

அந்தப் படத்தில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை, நீயும் பார்த்துவிட்டாய். புருஷன் குடிப்பதில்லை, அடிப்பதில்லை, மாமியார் கொடுமை இல்லை. ஒரு நாள் அந்தப் பெண் பெட்டியை எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்கு வருகிறாள், அங்கிருந்தும் ஒரு நாள் போய்விடுகிறாள். படம் விட்டு வரும்போது எனக்குக் கோபமாக இருந்தது. உண்மையை எழுதுகிறேன், அந்தப் பெண்மீதுதான் கோபம். பருத்திப்பால் வண்டியில் நின்றுகொண்டு, பொண்ணு அவசரப்பட்டுட்டா தம்பி, இன்னும் கொஞ்ச நாள் பார்த்திருக்கலாம் என்றேன். முத்துக்குமரன் டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. பிறகு சொன்னார், "இல்ல மாமா. அவ ஒண்ணும் அவன வெறுத்துப் போகல. அந்த வீட்ல ஒரு ஆளு அவகிட்ட ஒரு வார்த்த கேக்கல. கேக்காத வீட்ல எம்புட்டு நாளைக்குத்தான் பதில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா?" அவரே தொடர்ந்து, "நானும் அப்படித்தான இருந்தேன். திருமங்கலத்துல வீடு பாத்து, அட்வான்ஸ் குடுத்து, சாவியக் கொண்டாந்து கையில வச்சுட்டு, சந்தோஷப்படுவான்னு மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னேன் மாமா" என்றார்.

டிசம்பர் கடைசியில் பட்டியல் எழுத உட்கார்ந்தபோது பெட்டிப் படத்துக்கு எதிரே எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. என் கோபத்தை எழுத தைரியம் இல்லை. அவர் சொன்னதைத் திருத்தமான தமிழாக்கி, அவள் வெறுத்துப் போகவில்லை, யாரும் ஒன்றும் கேட்காத வீட்டில் பதிலை வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பாள் என்று எழுதினேன். எழுதிப் படித்துப் பார்த்தால் காரணம் அவ்வளவு நன்றாக இருந்தது, நான்காவது இடத்தில் வைத்திருந்த படத்தை முதலிடத்துக்கு மாற்றினேன். செய்தது இதுதான். உன் மனதுக்குள் இது எங்கே போய் விழும் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை, நல்ல மார்க் வாங்க வேண்டும் என்பது மட்டும்தான் நினைப்பு.

தை பிறந்த பிறகு ஒரு நாள் உன் குரல் பதிவு வந்தது. நீ அந்தப் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, அப்பா எழுதினதத் திரும்பத் திரும்பப் படிச்சேன், இம்புட்டு நாளா என்னையத் தப்பாவே நெனச்சுக்கிட்டு இருக்கீங்கன்னுதான் ஊர்ப் பக்கமே வரல, இப்ப வாரேம்ப்பா என்று சொல்லி அழுதாய். அம்மா பக்கத்திலிருந்து கேட்டுவிட்டு அவளும் அழுதாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அழவில்லை. அடுத்தவர் தட்டில் சாப்பிட்டவன் போல உட்கார்ந்திருந்தேன்.

முத்துக்குமரனிடம் அந்தச் சனிக்கிழமையே சொன்னேன். வண்டியை ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் ஓரமாக நிறுத்திக் கேட்டுக்கொண்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "உங்க பேர்லயே இருக்கட்டும் மாமா. என் பேரச் சொன்னா அவ அந்தப் படத்தையும் சேர்த்துல்ல வெறுத்துருவா" என்று சிரித்தார். சிரித்தாரே தவிர அதற்குப் பிறகு வரவில்லை. வேலை அதிகம், அவர் அம்மா மலையம்மாளுக்கு உடம்பு சரியில்லை என்று வாரத்துக்கு ஒரு காரணம் அனுப்புகிறார். நீ வரும் நேரத்தில் குறுக்கே நிற்கக் கூடாது என்று ஒதுங்கிக்கொள்கிறார் என்பது எனக்குத் தெரியும். இனிமேல் அவரைப் பார்க்க மாட்டேன் என்று மேலே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன், பார்த்திருப்பாய். உனக்கு வாக்குக் கொடுத்துவிட்டு இன்னொரு தடவை மறைக்க வேண்டி வருமோ என்ற பயத்தில்தான் அடித்தேன். அந்தப் பிள்ளையோடு திரும்பச் சேர்ந்து வாழ் என்று சுற்றி வளைத்துச் சொல்கிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. அவரும் அதைக் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

போன வாரம் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை. நம் சௌராஷ்டிர பாஷையை எழுதிப் பழக்கமில்லை, அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன், "துணைக்கு யாரு வர்றாங்கன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? முன்னெல்லாம் படம் பாத்துட்டு வந்தா கதை சொல்லுவீங்க. போன வருஷம் பூரா கருத்துல்ல சொன்னீங்க." பிறகு, அப்படி என்னதான் இருக்கு அந்தப் படத்துல, போடுங்க பாப்போம் என்றாள். டிவியில் போட்டு இரண்டு பேரும் பார்த்தோம். பெட்டியோடு வரும் மகளை அந்த அப்பா பஸ் ஸ்டாண்டில் பார்க்கும் இடம் வருகிறதே, பெட்டியை வாங்கிக்கொள்கிறார், தண்ணீர் பாட்டில் வாங்கித் தருகிறார், ஆட்டோ பிடிக்கிறார், வீட்டுக்கு வரும் வழியில் வாழைப்பழம்கூட வாங்குகிறார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, இவரு உங்கள மாதிரியே இருக்காரு, கேள்வியத் தவிர மத்த எல்லாத்தையும் வாங்கிக் குடுக்குறாரு என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். எனக்கு அதற்குமேல் படம் ஓடவில்லை.

அது அம்மாவின் காரணம், இதையும் என் பேரில் எழுதிக்கொள்ள மாட்டேன். ஆகவே என் பட்டியலிலிருந்து பெட்டிப் படத்தை எடுத்துவிடு வர்ஷினி. காரணம் சொல்லாத படம் கணக்கில் சேராது. லாரிப் படத்தையும் வக்கீல் படத்தையும் எடுத்துவிடு. பேய்ப் படமும் அரைப் பந்துப் படமும் மிஞ்சுகின்றன, ஒரு வருஷம் தியேட்டருக்குப் போனவனுக்கு அவ்வளவுதான் சொந்தம்.

ஆனால் ஒரு நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திருமங்கலத்திலிருந்து நீ பெட்டியோடு வந்து வாசலில் நின்ற அன்று, சாப்பிட்டாயா என்றேன். ஃபேனைப் போட்டேன். நீ நாற்காலியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் எழுந்து போய்த் திருமங்கலத்துக்குக் கடைசி பஸ் எப்போது என்று பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது நீ மாடிக்குப் போய்விட்டாய். பிறகு கோர்ட்டு, வக்கீல், பாஸ்போர்ட், விமான நிலையம் என்று எல்லா இடத்துக்கும் கூடவே வந்தேன், ஃபைலை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒரு இடத்திலும் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன்.

இதைப் படித்துவிட்டு வரவில்லை என்று நீ முடிவு செய்தால் அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், அந்தச் சுமை உனக்கு வேண்டாம். வருவதாக இருந்தால் இதைத் தெரிந்துகொண்டு வா. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் மறக்காமல் போடு, வேலை மும்முரத்தில் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, இருட்டும் நேரத்தில் தனியாக அந்த மலைப்பாதையில் நடக்காதே. மீனாட்சியும் சொக்கரும் உன்னை எல்லா நாளும் நலமாக வைத்திருக்க வேண்டும், நீ தொட்டது துலங்க வேண்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். மறந்துவிடாமல் கடைசியாக ஒன்று. இது யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை, எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்து நானே எழுதுவது. உனக்கு அந்த வீட்டில் என்னம்மா ஆயிற்று? ஏன் வந்தாய்?

பதிலை எதிர்பார்க்கும்
உன் அப்பா
துளசிராம்