தனியாளா என்று கேட்டார்கள்

மார்ச் 2
பெரிய பாலம் உடைந்ததும் எங்களுக்குக் கல்யாணம் ஆனதும் ஒரே நாள். அதிலிருந்து எண்ணினால் இது முப்பத்தெட்டாவது வருஷம். பாட்டில் தொழிற்சாலையை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பியதும் இந்த வருஷம்தான். எனக்கு எழுத்து தெரியாது. மூச்சு வாங்குகிற நாளையெல்லாம் குறித்து வைக்கச் சொன்னார் இதய டாக்டர். நான் சொல்லச் சொல்ல வீட்டுக்காரி எழுதுகிறாள்.

இன்று ஏழாம் படியில் நின்றுவிட்டேன்.

மார்ச் 5
தொழிற்சாலை கொடுத்த காப்பீட்டு அட்டை இந்த மாதக் கடைசி வரைதான். வால்வு மாற்ற நாள் குறித்திருப்பது ஏப்ரல் பத்து. அட்டை இல்லாமல் அது நடக்காது. தனியாக எடுக்கலாமா என்று ஏஜெண்டைக் கேட்டோம். "கூரை எரியறப்ப வந்து இன்சூரன்ஸ் கேக்கறீங்களே, பெரியவரே" என்றார். நல்ல மனிதர். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

மார்ச் 6
மூச்சு பரவாயில்லை.

மார்ச் 9
இவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் புருஷனையும் காப்பீட்டில் சேர்ப்பார்களாம். போனோம். குமாஸ்தாப் பெண் ஃபைலைப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்களுக்குக் கல்யாணமே ஆகலையே" என்றாள்.

வேலையில் சேர்ந்த அன்று தனியாளா என்று கேட்டார்களாம். "தனியாத்தான் வந்திருக்கேன், அவரு வேலைக்குப் போயிட்டாருன்னேன்" என்கிறாள் இவள். பதினாலு வருஷமாகக் கன்னிப்பெண். அப்ப நான் யாரு இந்த வீட்டுல? சிரித்தேன், மூச்சு வாங்கியது.

பதிவுச் சீட்டு கிடையாது. கல்யாணத்தைக் கண்ணால் பார்த்த ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டால் போதுமாம். ரத்த சம்பந்தம் கூடாது.

மார்ச் 12
பாலம் போனதால் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள்தான் கல்யாணத்துக்கு வந்தார்கள். ஒன்பது பேர். உட்கார்ந்த வரிசைகூட மறக்கவில்லை. பெரியப்பா, போய்விட்டார். பக்கத்தில் எங்கள் தொழிற்சாலை உலை மேஸ்திரி, அவரும். அப்படியே ஒவ்வொருவராகச் சொல்லி எட்டுக்கு வந்தேன். "கை வலிக்குது" என்று நிறுத்திவிட்டாள். டீ குடித்த பிறகுதான் மறுபடி பேனாவை எடுத்தாள்.

கை வலி இல்லை. ஒன்பதாவது ஆள் அவளுடைய அக்கா புருஷன். அக்கா செத்ததை மூன்று நாள் கழித்துச் சொன்னவன். பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை.

மார்ச் 15
இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. இன்று அவளாகவே, "நானே போய்க் கூப்பிடறேன்" என்றாள். நான் வேண்டாம்னு சொல்லலை. சொல்லியிருக்கணுமோ?

மார்ச் 23
வந்தான். தடி ஊன்றி நடக்கிறான். இவளிடம், "சௌக்கியமா?" என்றான். "இங்க போடணும்" என்று இடத்தைக் காட்டினாள், அவ்வளவுதான்.

"இந்தக் கல்யாணத்தை நீங்க நேர்ல பாத்தீங்களா?" என்றாள் குமாஸ்தா.

"பாத்தேனாவா? ஆறு மாசம் தாங்காதுன்னு பந்தியில உக்காந்தே சொன்னவன் நானு."

"தாங்கிச்சா?"

"அதைச் சொல்லத்தானே ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்."

போட்டான். வெளியே மூன்று டீ வாங்கினாள். நடுவில் அவள் உட்கார்ந்தாள். அக்கா கடைசியாக என்ன சாப்பிட்டாள் என்று மட்டும் கேட்டாள். அவன் சொன்னான்.

ஏப்ரல் 1
புது அட்டை வந்தது. அவள் பெயருக்குக் கீழே, அவளைச் சார்ந்தவர் என்று நான்.

அன்று வந்த ஒன்பது பேரில் இப்போது யார் இருக்கிறார்கள், அதையும் எழுதிவிடுகிறேன் என்றாள். "ஓட்டைவாய் ஒருத்தன்தான்" என்றேன். எழுதினாள். படித்துக் காட்டச் சொன்னேன்.

"மாமா" என்று படித்தாள்.