பாதியில் நின்ற ஆட்டம்

என் வாயாடி மகளுக்கு,

நம் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பொத்தானை அமுக்கினால் விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு. இன்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். உன் அம்மாவும் காவலுக்கு வந்தாள்.

கடைக்காரப் பெண் டிஸ்கைக் கழற்றித் தன் மெஷினில் மாட்டினாள். "டிஸ்க் நல்லாத்தான் சார் இருக்கு. எதெல்லாம் வேணும்?"

போட்டோக்கள் என்றேன். பிறகு மெல்ல, நம் செஸ் ஆட்டத்தையும் கேட்டேன்.

"கேம்தானே சார், புதுசா போட்டுக்கலாமே."

"புதுசு வேண்டாம்மா. பாதியில நிக்குது."

உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

காலையில் நான் ஒரு காய், வேலை முடிந்து வந்து நீ ஒரு காய் என்பதுதானே நம் வழக்கம். நீ அந்தப் பையனோடு கிளம்பிப் போன அன்று காலையிலும் நான் ஆடியிருந்தேன். அப்புறம் அதைத் திறக்கவே இல்லை. அந்தரத்தில் விட்டுப் போனவளே வந்து ஆடட்டும் என்று இருந்துவிட்டேன்.

அந்தப் பெண் திறந்து காட்டினாள். உன் குதிரை நகர்ந்திருக்கிறது. பெட்டி கட்டிய அவசரத்திலும் உட்கார்ந்து ஆடிவிட்டுத்தான் போயிருக்கிறாய்.

இத்தனை நாளும் என் முறைதான்.

கடையிலேயே நின்று ஆடிவிட்டேன். புது மெஷினில் ஏற்றித் தந்திருக்கிறாள், கூடத்தில் அதே மேசையில் இருக்கிறது. இனி உன் முறை. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து அவர் யோசனை சொல்லக் கூடாது.

உன் அப்பா