வலது ஆள்காட்டி விரல்

மாட்டுங்கா,
12-2-1965

அன்புள்ள அண்ணாவுக்கு அம்மிணியின் நமஸ்காரம். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு வரவில்லை. கோணல் எழுத்தைப் பார்த்து மன்னி பயப்பட வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

தீபாவளி சமயம் லோக்கல் ரயிலில் ஜன்னல் கண்ணாடி உடைந்து அவருடைய வலது மணிக்கட்டைக் கிழித்ததும், அதிலிருந்து ஆள்காட்டி விரல் மரத்துக் கிடப்பதும் உனக்குத் தெரியும். கண் தெரியாதவருக்குப் புள்ளிகளைத் தடவிப் பிரெயில் புத்தகம் படிக்கப் பழகியிருந்தது அந்த ஒரு விரல்தான். பள்ளிக்கூடத்து வேலையும் அதை நம்பித்தான். இப்போது இடது விரலைப் பழக்குகிறார். போன வாரம் ஒரு பக்கத்தை முழுசாகப் படித்துவிட்டு அழுதே விட்டார்.

விரல் நுனித் தோலுக்குள் தொடுவதை உணர்கிற பொடி முடிச்சுகள் இருக்கிறதாம். நரம்பு அறுந்தால் அவற்றில் உள்ள ஏதோ ஒரு புரதம் வற்றிக்கொண்டே வருமாம். மீதி இருந்தால் மணிக்கட்டைத் திறந்து நரம்பை மறுபடி தைத்துப் பார்க்கலாம், வற்றியே போயிருந்தால் தைத்தும் பிரயோஜனமில்லை என்பது கையைப் பார்க்கும் ஆஸ்பத்திரி டாக்டரின் எண்ணம். அதற்கு வலது விரலில் துளித் தோல் எடுத்துச் சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஒப்பிட, நல்ல விரலிலும் துளி வேண்டும் என்றார்.

இவர் உடனே இடது கையை நீட்டிவிட்டார். அங்கே தழும்பு விழுந்தால் இருக்கிற ஒன்றும் போய்விடாதா? "எள்ளத்தனை தோலுக்கு என்னடி இத்தனை ரகளை" என்று கத்தினார். நான் தனியாகப் போய் டாக்டரிடம் அழுதேன். டாக்டரோடு கூட வேலை பார்க்கும் வெங்கடராமன் நம்மவர், எனக்காகப் பரிந்து பேசினார். கடைசியில், ஏறக்குறைய அதே வயசுள்ள இன்னொருவர் விரலும் போதும் என்று டாக்டர் ஒப்புக்கொண்டார்.

இன்று காலை அவருக்கு வலது விரலில் எடுத்தார்கள். பக்கத்து அறையில், அவருக்குத் தெரியாமல், எனக்கும் அதே விரலில் எடுத்தார்கள். ஊசி போட்ட மரப்பு இன்னும் விடவில்லை. அந்த விரலால் அவர் புத்தகத்தைத் தடவிப் பார்த்தேன் அண்ணா, வெறும் காகிதம். இத்தனை மாதமாக அவர் எதைத் தொட்டுக்கொண்டிருந்தார் என்று இன்றுதான் தெரிந்தது.

அரிவாள்மணையில் வெட்டிக்கொண்டேன் என்று அவரிடம் சொன்னேன். என் கையை வாங்கி, இடது விரலால் கட்டின் ஓரத்தைத் தடவினார். பிறகு தன் கட்டைத் தடவினார். "ரெண்டும் ஒரே கை கட்டினது" என்றார். கோபமா, அழுகையா, எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்த இடது விரல் என் பொய்யைப் படித்துவிட்டதே, அதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வேன்?

முடிவு அடுத்த வெள்ளிக்கிழமை. அது வரைக்கும் சோறு இறங்காது போலிருக்கிறது. நீ உடனே பதில் போடு. தைரியமாக இருக்கச் சொல்லி அவருக்கென்று இரண்டு வரி எழுது. நான்தானே உரக்கப் படிக்கப் போகிறேன், எனக்கும் காதில் விழும்.

உன் ஆசீர்வாதத்தை வேண்டும்,
அம்மிணி